பொடுதலைத் தரையில் பிரச்சினையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

கொரியன் புல்லை எடுத்துவிட்டு நம் ஊர்த் தரைச்செடிகளை நட்டவர்கள் சொல்லும் புகார்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். காய்கிறது, மஞ்சளாகிறது, கோரை ஏறிவிட்டது, தேனீ கொட்டுகிறது. சென்னையிலும் அதையொட்டிய கடலோரப் பகுதிகளிலும் இப்படிப்பட்ட தரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவந்தவற்றை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன்.

தரை என்று நான் சொல்வது இதைத்தான்: வெயில் படும் இடத்தில் தரையோடு ஒட்டிப் படரும் பொடுதலைக் கொடி, அதன் ஊடே சிறுபுள்ளடி என்ற குட்டிப் பயறு வகைச் செடி, கால் அதிகம் படும் பக்கம் அருகம்புல், ஈரமும் நிழலும் உள்ள மூலையில் வல்லாரை. சமவெளிக்கு மட்டுமே இது பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். பழைய புல்லுக்காக வைத்த ஸ்பிரிங்க்ளர் டைமர் இன்னும் தினமும் ஓடுகிறதா? தரை வேர்பிடித்து மூன்று மாதம் ஆகியிருந்தால் அதை நிறுத்துங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழையுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம், தட்டுப்படாவிட்டால் மண் நன்றாக நனையும்படி ஒருமுறை ஊற்றிவிட்டு அடுத்த சோதனை வரை விட்டுவிடுங்கள். என்னிடம் வரும் புகார்களில் நிறைய இத்தோடு முடிந்துவிடும். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

## நட்ட கொடிகள் வேர் பிடிக்காமல் கருகுகின்றன

### நட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை

எப்போது நட்டீர்கள்? பங்குனி, சித்திரையில் நட்டிருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. கருகியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் காப்பாற்றி வையுங்கள். ஆடியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேர் இறங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் நட்டால் கொடி மிதந்து வெளியே வந்துவிடும்.

காலம் சரிதான் என்றால் ஒரு கொடியை மெதுவாக இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் கணு மண்ணைத் தொடவில்லை. பொடுதலை கணுவில்தான் வேர்விடும். கொடியை மண்மேல் படுக்கவைத்து, ஒரு கணு விட்டு ஒரு கணுவை மண்ணால் மூடி, காலால் லேசாக அழுத்துங்கள். நர்சரிக் கவரிலிருந்து எடுத்து அப்படியே நட்டவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்களில் மட்டும் தினமும் பூவாளியால் தெளிக்கலாம்.

### மூன்று வாரம் தாண்டியும் அதே கதை

மண்ணைச் சோதிக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை ஈர மண்ணில் குத்துங்கள். கைப்பிடி வரை இறங்கினால் மண் சரி. பாதியில் டக்கென்று நின்றால் அங்கே தோண்டிப் பாருங்கள். செங்கல் துண்டு, ஜல்லி, இறுகிப்போன சிமெண்ட் கலவை என்று ஏதாவது கிடைக்கும். புது வீடுகளில் கட்டட இடிபாட்டின் மேல் நான்கு அங்குலம் செம்மண் தூவிவிட்டு, தோட்டம் தயார் என்று சொல்லிவிடுவார்கள்.

கல் இல்லை, ஆனால் மண் சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்றால் ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்புத்தன்மை அதிகம். இடிபாடோ சிமெண்ட் கலவையோ இருந்தால் மேல் மண்ணை முக்கால் அடிக்கு வாரி எடுத்து மாற்றுவதைத் தவிர வழி இல்லை. அதன்மேல் எவ்வளவு எரு கொட்டினாலும் வீண். முக்கால் அடி எடுத்தபிறகும் கீழே இடிபாடே வந்தால், அந்த இடத்தைத் தொட்டிச் செடிகளுக்கு விட்டுவிடுவது செலவு குறைவு.

### இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளைப் படிவு

உப்பு. போர்வெல் தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 2000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. இடைப்பட்ட அளவில் பொடுதலையும் அருகும் சமாளிக்கும், வல்லாரை சமாளிக்காது.

போர்வெல் நல்ல தண்ணீர், ஆனால் ஒரு மூலை மட்டும் இப்படியா? குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அதே மூலையில் தினமும் விழுந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். துணி துவைக்கும் எந்திரத்தின் சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். குழாயை மாற்றிவிட்டு, நல்ல தண்ணீரால் அந்த மூலையை இரண்டு மூன்று முறை ஆழமாகக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்துக்குப் பின்னும் வெள்ளைப் படிவு திரும்பினால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவு வரும்வரை ஜிப்சம் வாங்கிக் கொட்ட வேண்டாம். எல்லா உப்புக்கும் அது மருந்து இல்லை.

## கோரை ஏறிவிட்டது

இது அருகா கோரையா என்று சந்தேகம் இருந்தால் தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். முக்கோணமாக உருள மறுத்தால் கோரை. தோண்டினால் கரிய கிழங்கு இருக்கும்.

பெரும்பாலும் செம்மண் லோடோடு வந்திருக்கும், இல்லையென்றால் நர்சரித் தொட்டி மண்ணோடு. எப்படி வந்திருந்தாலும், கையால் இழுத்துப் பிடுங்காதீர்கள். இலை கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கிவிடும், பத்து நாளில் திரும்ப முளைக்கும். கருப்பு பிளாஸ்டிக் விரித்து மூடுவதும் வேண்டாம், கோரையின் கூர்முனை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால்: மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தால் கிழங்கோடு எடுங்கள். கிழங்குகள் பெரும்பாலும் அரை அடிக்குள்தான் இருக்கும், ஒன்றோடொன்று நூல்போன்ற வேரால் இணைந்திருக்கும். அந்த நூலைப் பின்தொடர்ந்து போனால் அடுத்த கிழங்கு கிடைக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் செய்ய வேண்டும். விட்டால் புதுச் செடி தானும் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும்.

தரையில் பாதிக்கு மேல் கோரை என்றால்: பொடுதலையைக் காப்பாற்றிக்கொண்டே கோரையை அழிக்கப் பார்ப்பது நேர விரயம். நல்ல கொடிகளை வெட்டி, மண்ணை அலசிவிட்டுத் தொட்டியில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் தரையைக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிடுங்கள். கிழங்கு சுருங்கிச் சாகும். தண்ணீர் விட்டு, முளைத்ததும் மறுபடி கொத்தி மறுபடி காயப்போடுங்கள். ஆடியில் திரும்ப நடலாம்.

களைக்கொல்லி அடித்துவிடலாமா? எல்லோரும் கேட்பது இது. கிளைபோசேட் கோரையையும் கொல்லும், பொடுதலையையும் கொல்லும், சிறுபுள்ளடியையும் விடாது. தவிர, 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. குழந்தைகளும் நாயும் உருளும் தரையில் நீங்களே ஸ்பிரேயர் எடுத்து இறங்க வேண்டாம். பெரிய இடம், கோடையில் கொத்திக் காயப்போடவும் வழியில்லை என்றால் மட்டும் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

மற்ற களைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெருஞ்சியை மஞ்சள் பூவிலேயே பிடுங்குங்கள், முள் கட்டிவிட்டால் வெறுங்காலில் நடக்க முடியாது. பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுப் பூக்கும் முன் எடுக்க வேண்டும். தொட்டாற்சிணுங்கி குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று விட்டுவைப்பார்கள். அதன் முள்ளும் பரவும் வேகமும் தெரிந்தபிறகு அவர்களே எடுத்துவிடுவார்கள். வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான். ஆனாலும் ஓரத்தில் நாலு செடி இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### இளந்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்து எடுக்க முடியவில்லை. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். முதலில் தண்ணீரைக் குறையுங்கள், நீர் தேங்கினாலும் இதே தோற்றம் வரும். குறைத்தும் சரியாகவில்லையென்றால் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), லிட்டருக்கு 5 கிராம், அதில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. டைல்ஸ், மார்பிள் மேல் பட்டால் துருக்கறை பிடிக்கும், எளிதில் போகாது. ஓரங்களில் சாக்கை விரித்துவிட்டுத் தெளியுங்கள்.

### அடி இலை மஞ்சள், செடி குட்டையாக நிற்கிறது

சத்துக் குறைவு. மக்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ சலித்து, இலை மறையாத அளவுக்கு மெல்லத் தூவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும். யூரியா வேண்டாம், அருகம்புல் மட்டும் கொழுத்து மற்றதை மூடிவிடும். சிறுபுள்ளடி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பயறு வகைச் செடி. அது போதிய அளவு இருக்கும் தரையில் இந்த அறிகுறியே குறைவு.

### எல்லாம் மஞ்சள், மண் சொதசொத

ஒரு அடி ஆழம் குழி வெட்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றி மணி பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் வடிகால் பரவாயில்லை, நீங்கள்தான் அதிகம் ஊற்றுகிறீர்கள். மறுநாளும் தேங்கி நின்றால் களிமண் அடுக்கு. மேடு தட்டி நீர் ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பள்ளத்தில் பொடுதலைக்குப் பதில் நீர்ப்பிரமியை விடுங்கள், அதற்கு அந்தச் சேறுதான் வேண்டும்.

கோடையிலும் ஒரே இடம் ஈரமாகவே இருக்கிறதா? இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தரைக்கடியில் குழாய் கசியலாம். பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

## ஒரு இடம் மட்டும் கொழுகொழுவென்று பச்சை

இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை, அதனால்தான் சொல்கிறேன். சுற்றிலும் காய்ந்திருக்க ஒரு திட்டு மட்டும் செழித்திருந்தால் செப்டிக் டேங்கோ அதன் குழாயோ கசியலாம். குனிந்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் தோண்ட வேண்டாம், அந்த இடத்துக் கீரையை, வல்லாரையை அறவே பறிக்க வேண்டாம். தொட்டியைக் காலி செய்ய லாரியை வரவழையுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், விஷவாயுவில் உயிர் போகிற வேலை. வருபவர் இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

## திட்டுத் திட்டாகக் காய்கிறது

திட்டின் ஓரத்தில், காய்ந்ததும் பச்சையும் சேரும் இடத்தில், ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். கையில் என்ன வருகிறது என்பதை வைத்து மேலே போகலாம்.

### நடு வைக்கோல் நிறம், விளிம்பு கரும்பச்சை

நாய் மூத்திரம். பார்த்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். ஏற்கெனவே காய்ந்ததைப் பக்கத்துக் கொடி வந்து மூடிவிடும்.

### ஒற்றையடிப் பாதைபோல நீளமாகக் காய்கிறது

கேட்டிலிருந்து வாசலுக்கு எல்லோரும் அதன்மேல் நடக்கிறார்கள். பொடுதலை எப்போதாவது மிதிபடுவதைத் தாங்கும், தினப்படி தடத்தைத் தாங்காது. அதே தடத்தில் கடப்பா கல் பதித்துவிடுங்கள். ஆளை மாற்ற முடியாது.

### கொடி கார்பெட்டைப் போலச் சுருண்டு வந்துவிடுகிறது, வேரே இல்லை

வேர்ப்புழு. ஓரடிச் சதுரத்துக்கு, நான்கு அங்குல ஆழத்துக்கு மண்ணைப் புரட்டுங்கள். பழுப்புத் தலையோடு, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், மைனா பார்த்துக்கொள்ளும். ஐந்தாறுக்கு மேல் என்றால் பொறுக்கி எடுத்துவிட்டு, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து ஈர மண்ணில் போடுங்கள். கோடை மழை பெய்த அன்று மாலை வேப்பமரத்தில் வண்டுகள் கூட்டமாக அமர்ந்திருந்தால் அடுத்த தலைமுறைப் புழுவுக்கான முட்டை வரப்போகிறது. கிளையை உலுக்கி, விழுபவற்றைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

### தண்டடியில் வெள்ளை நூல், கடுகுபோல் உருண்டைகள்

தண்டழுகல் பூஞ்சாணம். பொடுதலைக்கு வரும் நோய்களில் இதுதான் மோசம். வெயிலும் ஈரமும் சேரும் நாட்களில் ஒரே வாரத்தில் திட்டு இரட்டிப்பாகும். காய்ந்த பகுதியையும், சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சையையும் மேல்மண்ணோடு வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தை எருவில் கலந்து வெட்டிய இடத்திலும் சுற்றிலும் போடுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காமல் மூன்றாவது இடத்திலும் தலைகாட்டினால் ஒரு கொத்தை மண்ணோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கி அடிப்பதைவிட அது மலிவு.

### வேரில் முடிச்சு முடிச்சாக

அவசரப்பட வேண்டாம். சிறுபுள்ளடியின் வேரில் முடிச்சு இருப்பது நல்லது. நகத்தால் தள்ளினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. பொடுதலை வேரில் முடிச்சு இருந்து, அது உதிராமல் வேரே வீங்கியதுபோல் இருந்தால் நூற்புழு. வேப்பம்புண்ணாக்குத் தூளைச் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி போட்டுக் கிளறிவிடுங்கள். பரவலாக இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ஒரு பருவம் செண்டுமல்லி நெருக்கமாகப் போடுங்கள். பூவும் கிடைக்கும்.

### மண் பூச்சுபோல ஏதோ மூடியிருக்கிறது

கரையான். அது சருகைத் தின்ன வந்திருக்கிறது, உங்கள் செடியை அல்ல. வெட்டிப்போட்ட காய்ந்த தழையை வாரிவிடுங்கள். ஆனால் அதே மண்கோடு சுவரேறி நிலைக்கதவுப் பக்கம் போனால் தோட்டத்தை மறந்துவிட்டுக் கரையான் மருந்து அடிப்பவரை அன்றே கூப்பிடுங்கள்.

## கோடையில் மொத்தமும் பழுப்பு

கொடியை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும், முதல் மழையில் திரும்பிவிடும். ‘அருகுபோல் வேரோடி’ என்று சும்மா வாழ்த்தவில்லை. கீறினால் உள்ளேயும் பழுப்பு, ஒடித்தால் டக்கென்று உடைகிறது என்றால் அது போய்விட்டது, ஆடிக்குக் காத்திருங்கள். வருடம் முழுக்க ஒரே பச்சை வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தரை சரிப்படாது என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

## உயரமாக, கலைந்து வளர்கிறது

தண்ணீர் அதிகம், எரு அதிகம், அல்லது நிழல். முதல் இரண்டையும் குறைத்துவிட்டு மாதம் ஒருமுறை இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம், ஒட்ட வெட்டினால் வெறும் மண் தெரியும், களை முளைக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம்கூட வெயில் விழாத இடம் என்றால் பொடுதலை வெளிச்சம் தேடி நீண்டுகொண்டேதான் இருக்கும், அங்கே வல்லாரைக்கு மாறுங்கள். மாமரத்தடி மாதிரி அடர்நிழலும் காய்ந்த மண்ணும் சேர்ந்த இடத்தில் எதுவும் தரையாகப் பிடிக்காது. சருகை அப்படியே மூடாக்காக விட்டுவிடுங்கள்.

## தேனீ கொட்டுகிறது

பொடுதலை பூத்தால் தேனீ வரும், சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளும் வரும். பாதிப் பேர் இதற்காகத்தான் இந்தத் தரையைப் போடுகிறார்கள், மீதிப் பேர் இதைச் சொல்லித்தான் எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் பகுதியை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் அங்கே பூ குறையும். ஓரத்தைப் பூக்க விடுங்கள். வெட்டுவதும் நடப்பதும் காலை வெயில் ஏறுவதற்கு முன் என்றால் தேனீயோடு மோத வேண்டியிராது. வீட்டில் யாருக்காவது தேனீக் கொட்டினால் மூச்சுத் திணறும் ஒவ்வாமை உண்டென்றால் பேச்சே இல்லை, அங்கே அருகம்புல் மட்டும் போடுங்கள்.

## பாம்பு வருமோ என்ற பயம்

இரண்டு அங்குலத் தரையில் பாம்பு எளிதில் ஒளிய முடியாது. அது தேடுவது செங்கல் குவியல், விறகு, தேங்காய் மட்டை, எலிவளை. அவற்றை அகற்றுங்கள், பெருச்சாளி வளையைக் கல்லும் மண்ணும் போட்டு அடையுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள். பார்த்துவிட்டால் கம்பை எடுக்காமல், தூர நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள், பிடிக்கத் தெரிந்தவர் வருவார்.